சென்னைக்காரர்கள் சுற்றுலா ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதும், குடும்பங்களுக்கு வண்டியும் அறையும் ஏற்பாடு செய்வதும் என் தொழில். "எங்கே போகலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஊரைத் தீர்மானிப்பதில் முதலில் நிற்பது எது? பணமா, தூரமா?

இரண்டும் இல்லை. லீவுதான் முதலில் நிற்கிறது. கணவருக்கு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை கிடைக்குமா, மனைவிக்கு மாதக் கடைசியில் விடுவார்களா, பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பா, சின்னவனுக்குப் பரீட்சை எந்தத் தேதியில் முடிகிறது என்பதெல்லாம் ஒன்றாகக் கூடி வரும் நாட்கள் ஒரு வருடத்தில் மிகக் குறைவு. அந்த நாட்கள் தெரிந்த பிறகு யார் யார் வருகிறார்கள் என்ற பேச்சு வரும். பாட்டி வருகிறார் என்றால் படிக்கட்டு உள்ள இடங்கள் அப்போதே கழிந்துவிடும். அடுத்து ரயிலா, பஸ்ஸா, சொந்தக் காரா என்று பார்ப்பார்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று ஊர்களில் ஒன்றைத்தான் "நாங்கள் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்கிறார்கள்.

அழகான இடம் எது என்பதில் சென்னையில் பெரும்பாலும் சண்டை வருவதில்லை. வால்பாறை அழகு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் போகிறவர்கள் சிலரே.

இதைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

வீட்டை விட்டுத் தள்ளும் காரணங்கள், ஓர் ஊரை நோக்கி இழுக்கும் காரணங்கள் என்று இரண்டாகப் பிரிப்பது பழைய வழக்கம். கிரஹாம் டான் 1977-லும் ஜான் கிராம்ப்டன் 1979-லும் எழுதிய கட்டுரைகளிலிருந்து இந்தப் பிரிவு சுற்றுலாத் துறைப் பாடங்களில் நிலைபெற்றது. அலுப்பு, வேலைச் சுமை, உறவினரோடு சேர்ந்திருக்கும் ஆசை ஆகியவை தள்ளும் காரணங்கள். அருவி, கோயில், குளிர் ஆகியவை இழுக்கும் காரணங்கள்.

சென்னைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, குறிப்பாகத் தள்ளும் பக்கம். மே மாதத்தில் இந்த நகரம் தன் மக்களைத் தள்ளுவதுபோல வேறெதுவும் தள்ளாது. ஆனால் தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் டிக்கெட், லீவு, பெரியவர்களின் முழங்கால் என்று ஒரு சல்லடை இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களின் முடிவு அந்தச் சல்லடையில்தான் உருவாகிறது.

கோடையில் எல்லாரும் ஏன் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்குமே போகிறார்கள்?

காரணம் உயரம். மேலே ஏற ஏற, சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி அளவில் வெப்பம் குறைகிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது சமவெளியைவிடப் பதினான்கு டிகிரி வரை குறைவு. கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டியது. ஏற்காடு 1,500 மீட்டர். ஏலகிரி 1,100 மீட்டர்தான். அக்னி நட்சத்திரத்தில் ஏலகிரிக்குப் போய்விட்டு "மலை என்றீர்கள், மதியம் வெயில் சுடுகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அடிவாரமே நானூறு மீட்டரை ஒட்டிய உயரம் என்பதால், திருப்பத்தூர்ப் பக்கம் நாற்பது டிகிரி அடித்தால் மேலே முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும், கணக்கு அவ்வளவுதான். ஏலகிரிக்குக் காலையும் மாலையும்தான் அழகு. மே மாதத்தை விட்டு ஜனவரியில் போனால் இன்னும் நல்லது.

இன்னொரு காரணம், பள்ளி விடுமுறையும் மலர்க் கண்காட்சியும் ஒரே மாதத்தில் விழுவது. ஊட்டி தாவரவியல் பூங்கா கண்காட்சியும் ஏற்காடு கோடை விழாவும் மே மாதத்தில்தான் வழக்கமாக நடக்கும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அதே காரணம்தான் எச்சரிக்கை. தொட்டபெட்டா சாலையில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதற்கும் மவுண்ட் ரோட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் வித்தியாசம் ஜன்னலைத் திறந்துவைக்கலாம் என்பதுதான்.

மலை ரயிலுக்காகவே ஊட்டியைக் கேட்கும் குடும்பங்களும் இருக்கின்றன. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய பாதை அது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் அதன் இருக்கைகள் மிகக் குறைவு. மலை ரயில் டிக்கெட் உறுதியான பிறகுதான் மற்றதைத் திட்டமிட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இ-பாஸ் நடைமுறையால் மக்கள் ஊரை மாற்றுகிறார்களா?

சொந்தக் காரில் போகிறவர்களில் சிலர் மாற்றுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000-மும் 6,000-மும். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதனால் கார் இருந்தும் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் போய் அங்கிருந்து அரசு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நல்ல வழக்கமாகவே படுகிறது. பாஸ் கிடைக்காதவர்கள் ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் திரும்புகிறார்கள். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக ஊரையே மாற்றுவார்களா?

தாராளமாக. சென்னையில் ஊரை மாற்றும் காரணங்களில் இதைவிடப் பெரியதை நான் பார்த்ததில்லை.

முன்பதிவுக்கு முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்தது. ஜனவரி 13 அன்று ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நெல்லை, நாகர்கோவில் வண்டிகள் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். அறுபது நாள் என்பது திட்டமிடாதவர்களுக்குச் சாதகம் என்று பேசப்பட்டது. என் அனுபவத்தில் கூட்டம் அதே கூட்டம்தான், காலண்டரில் குறிக்கும் தேதி மட்டும் மாறியது. தட்கலை நம்பி அறைக்கு முன்பணம் கட்டுகிறவர்களை நான் தடுப்பேன். முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏசி வகுப்புகளுக்கும் பதினொரு மணிக்கு மற்றவற்றுக்கும் திறக்கும் அந்தச் சில நிமிடங்களை வைத்து நான்கு பேர் பயணத்தை முடிவு செய்யக் கூடாது.

புதிய ரயில் வந்தால் ஊரின் மவுசு கூடுவதையும் பார்க்கலாம். எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் தொடங்கியபின், மதியம் கிளம்பி எட்டு மணி நேரத்துக்குள், அன்றிரவே நெல்லைக்குப் போய்விடலாம் என்றாயிற்று. இரவு முழுக்கப் பயணம் ஆகாத பெரியவர்கள் திருச்செந்தூரை மறுபடி கேட்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாகர்கோவிலுக்கும் ஒன்று வந்தது. ராமேஸ்வரத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கி நன்றாக முடிந்தது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. வண்டி கடலைத் தாண்டாமல் கரையிலேயே நின்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், மூட்டை முடிச்சோடு வண்டி மாற முடியாத குடும்பங்கள் ராமேஸ்வரத்தைத் தள்ளிப் போட்டன. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்ததும் அதே குடும்பங்கள் திரும்பி வந்தன. கோயில் அதே கோயில், கடலும் அதே கடல்.

நகரத்தில் எந்தப் பகுதியில் வசிக்கிறோம் என்பதும் முக்கியமா?

பலர் நினைப்பதைவிட முக்கியம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்தபின் தென்மாவட்டப் பஸ்கள் அங்கே போய்விட்டன. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் இருப்பவர்களுக்குத் தெற்கு இன்னும் நெருங்கியது. திருவொற்றியூரில் இருப்பவர் கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் பாதி நாள் களைப்பு வந்துவிடும். அவருக்கு மாதவரத்தில் ஆந்திரப் பஸ்கள் இருக்கின்றன. திருப்பதியும் காளஹஸ்தியும் நாகலாபுரத்து அருவிகளும் பழவேற்காடும் அவருக்குப் பக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் வெள்ளிக்கிழமை மாலை நேராகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிவிடுகிறார்கள். நகருக்குள் திரும்பி வந்து வேறு திசைக்குக் கிளம்ப அவர்களுக்குப் பொறுமை இல்லை. வரைபடத்தில் சென்னை ஒரு புள்ளி. பயணம் கிளம்பும்போது அது மூன்று நான்கு ஊர்.

வீட்டில் கடைசி முடிவு யாருடையது?

பணம் கட்டுபவர் அப்பா, ஊரைச் சொல்பவர் குழந்தை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்கு. நகைச்சுவையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அம்மா வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்டால் வழியில் சுத்தமான கழிப்பறை இல்லை, அறையில் வெந்நீர் வருமா தெரியவில்லை, குழந்தைக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று வரும். சுற்றுலாத் துறை விளம்பரங்களில் இவற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது.

பெரியவர்கள் வந்தால் கணக்கு மாறும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதைத் தாண்டிய பெண்களும் அதைக் கேட்கலாம். ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் கிடைக்கும். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுத்துவிட்டு, பாட்டிக்கு மேல் படுக்கை கிடைத்ததே என்று வருந்துகிறார்கள். தாத்தா பாட்டிக்குத் தனியாக எடுங்கள்.

கோயில் இல்லாமல் ஒரு சுற்றுலா போக முடியாதா?

போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் மூன்று தலைமுறை சேர்ந்து கிளம்பும்போது எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே இடம் கோயில்தான். கும்பகோணத்துக்குப் போனால் பெரியவர்களுக்கு நவகிரகத் தலங்கள், படித்தவர்களுக்குத் தாராசுரத்துச் சிற்பம், பிள்ளைகளுக்கு டிகிரி காபியும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவும். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

திருப்பதி தனிக் கணக்கு. அங்கே 300 ரூபாய் தரிசன டிக்கெட் இணையத்தில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு முன்பே வெளியாகிறது, ரயில் முன்பதிவோ இரண்டு மாதத்துக்கு முன்புதான். ஆகவே முதலில் தரிசனம், பிறகு ரயில், பிறகு லீவு. சென்னையில் லீவு கடைசியில் வரும் அபூர்வமான பயணங்களில் இது ஒன்று. பெருமாள் கொடுத்த தேதி என்றால் மேலாளரும் சற்றே இறங்கி வருகிறார்.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதான் நாள் குறிக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வந்து விடியற்காலையில் பஸ் ஏறி நேராக வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்திச் சென்னையிலிருந்து நடந்தே போகிறார்கள். நாகூர்க் கந்தூரிக்கும் அப்படி ஒரு கூட்டம் கிளம்பும். மூன்றிலும் நாள் முதலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. போகிறவர் தன் லீவை அதற்கேற்ப வளைத்துக்கொள்கிறார்.

சொந்த ஊருக்குப் போவதையும் சுற்றுலா என்று சொல்லலாமா?

புள்ளிவிவரக்காரர்கள் எப்படியோ, என் கடையில் சொல்லலாம். சென்னையின் பெரும்பகுதி வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களால் ஆனது. அவர்களுடைய வருடாந்தர லீவில் பாதி, குலதெய்வக் கோயிலுக்கும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுகிறது. மீதியை வைத்துக்கொண்டுதான் "எங்கேயாவது போகலாம்" என்கிறார்கள். கெட்டிக்காரக் குடும்பங்கள் இரண்டையும் சேர்த்துவிடுகின்றன. சங்கரன்கோவிலில் குலதெய்வப் பொங்கல் என்றால் அங்கிருந்து குற்றாலம் ஓர் எட்டு. தேனிப் பக்கம் திருமணம் என்றால் மறுநாள் மேகமலை. முகூர்த்த நாளும் வார இறுதியும் சேர்ந்து வந்தால் அரசே சிறப்புப் பஸ் விடும் ஊர் இது. டிக்கெட் கிடைக்காத வெள்ளிக்கிழமைகளுக்குக் காரணம் தேடுகிறவர்கள் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

மழைக்காலத்தில் எங்கே போகிறார்கள்?

சென்னைக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில். அதே காற்று நீலகிரியின் கிழக்குச் சரிவிலும் கொட்டும். மண் சரிந்து மலை ரயில் நிற்பது அப்போதுதான் அதிகம். அரையாண்டு லீவில் கேரளம் போக நினைப்பவர்கள், ரயில்களில் சபரிமலை பக்தர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும்.

குற்றாலத்துக்கு வேறு சிக்கல். அங்கே சாரல் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில். பள்ளிகளும் ஜூனில்தான் திறக்கின்றன. லீவு இருக்கும்போது அருவியில் தண்ணீர் இல்லை, தண்ணீர் வரும்போது லீவு இல்லை. அதனால் குற்றாலம் சென்னையில் குடும்பங்களின் ஊராக இல்லாமல், நண்பர் கூட்டத்துக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் உரிய ஊராக ஆகிவிட்டது. வியாழன் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தென்காசியில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

சினிமாவும் ரீல்ஸும் ஊரைத் தீர்மானிக்கின்றனவா?

ஆசையை மூட்டுகின்றன. கொடைக்கானலில் "டெவில்ஸ் கிச்சன்" என்று அழைக்கப்பட்ட இடம் 1991-ல் வந்த ஒரு தமிழ்ப் படத்தால் குணா குகை ஆனது. 2024-ல் ஒரு மலையாளப் படம் வந்ததும் அங்கே கூட்டம் மறுபடி பெருகியது. ஆனால் படம் பார்த்து ஆசைப்பட்டவர்களில் பலர் ஏற்கெனவே கொடைக்கானல் போகிறவர்கள். பட்டியலில் ஓர் இடம் கூடியது, ஊர் மாறவில்லை. குறிஞ்சியும் அப்படித்தான். 2018-ல் பூத்தது, இனி 2030-ல். அதற்கு இப்போதே கேட்டு வைக்கிறார்கள்.

சாப்பாடு அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். காசிக்குச் சமையல்காரரை உடன் அழைத்துக்கொண்டு போகும் யாத்திரைக் குழுக்கள் சென்னையில் இன்றும் நன்றாக ஓடுவதே அதற்குச் சாட்சி.

இரண்டே நாள்தான் இருக்கிறது, புதுச்சேரியைத் தவிர வேறு வழி இல்லையா?

ஏறத்தாழ 150 கிலோமீட்டர், கடலை ஒட்டிய சாலை, எல்லா விலையிலும் அறை. புதுச்சேரியை வெல்வது கடினம்தான். எல்லாரும் கடற்கரைக்காக மட்டும் போவதில்லை என்பதையும் சொல்லிவிடலாம், அங்கே மதுவின் விலை குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிச்சாவரத்தைச் சொல்வேன். சதுப்புநிலக் காட்டில் படகு, பக்கத்திலேயே சிதம்பரம். ரயில் பிடித்தவர்களுக்கு ஜோலார்பேட்டையில் இறங்கி ஏலகிரி, வளைவுகள் பதினான்குதான்.

வெளிநாடு போகிறவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்?

பறக்கும் நேரம், விசா, மொழி. கொழும்பு ஒன்றரை மணி நேரத்துக்குள், சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நான்கு மணி நேரம். கொடைக்கானலுக்கு வேனில் போவதைவிடக் குறைவு என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் அனுமதி கொடுத்தது. இத்தகைய சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதால் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபாருங்கள். பத்துமலை முருகனும் தமிழ் பேசும் கடைக்காரரும் இருப்பது முதன்முறை பாஸ்போர்ட் எடுத்த பெற்றோருக்குப் பெரிய தைரியம்.

அலுவலகப் பயணச் சலுகை ஊரை மாற்றுமா?

மத்திய அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை நிச்சயமாக. நான்கு ஆண்டுத் தொகுதிக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கும் போகலாம். அந்தமான், வடகிழக்கு, காஷ்மீர், லடாக் ஆகியவற்றுக்கு விமானத்தில் போகச் சிறப்புத் தளர்வும் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு நேரடி விமானம் இருப்பதால் அந்தச் சலுகையின் பெரும்பங்கு அங்கே போகிறது. தனியார் ஊழியர்களுக்குப் பயணப்படிக்கான வரிவிலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே, அறைக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை.

தனியாகப் போகும் பெண்களுக்கு எந்த ஊர் ஏற்றது?

ஊரின் பெயரைவிட வண்டி போய்ச் சேரும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு இறக்கிவிடும் வண்டி எவ்வளவு நல்ல ஊரையும் கெடுத்துவிடும். பகலில் சேரும் ரயில், நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அறை, இரவு பத்து மணிவரை கடைகள் திறந்திருக்கும் தெரு என்று தேடினால் மதுரையும் தஞ்சாவூரும் மைசூரும் முன்னால் வரும்.

எதுவும் திட்டமிடவில்லை, நாளைக்கே எங்காவது போக வேண்டும். என்ன செய்வது?

மலையை மறந்துவிடுங்கள். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பும்படி மாமல்லபுரம், காஞ்சிபுரம் போகலாம். நவம்பர் முதல் மார்ச் வரையென்றால் வேடந்தாங்கல். மூன்றுக்கும் முன்பதிவு வேண்டாம். கிழமையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் பார்க்க நினைக்கும் இடங்களில், செவ்வாய்க்கிழமை வண்டலூர் உயிரியல் பூங்காவும் தட்சிணசித்ரா அருங்காட்சியகமும் மூடியிருக்கும். திங்கட்கிழமை முதலைப் பண்ணை இருக்காது.